பொய்க்கூரை காப்பாற்றிய கொட்டகை

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் டிரான்கேட் தெருவில் நடந்து போகிற பல பேருக்கு, தலைக்கு மேலே 160 வருஷத்துக்கும் பழைய ஆட்டக் கொட்டகை ஒன்று இருப்பதே தெரியாது. பெயர் பிரிட்டானியா பனோப்டிகான். பக்கத்துச் சந்தில் நுழைந்து படியேறிப் போனால் மரப் பால்கனி, உரிந்துபோன சுவர், வெறும் பெஞ்சுகள். உள்ளே அவ்வளவு குளிர், கோட்டைக் கழற்ற மனசே வரவில்லை. ஆனால் அந்தப் பெஞ்சின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன், எத்தனை தலைமுறைக் கை பட்டு வழவழப்பான மரம் அது!

1850-களின் கடைசியில் பாட்டும் ஆட்டமுமாகத் தொடங்கிய இடம். கப்பல் கட்டும் தொழிலாளர்கள் வேலை முடிந்து நேரே வருவார்கள், மேடையில் இருப்பவர் பிடிக்கவில்லையென்றால் பையில் இருக்கும் ரிவெட்டை, அதாவது இரும்புத் தகடுகளை இணைக்கும் ஆணியை, எடுத்து எறிந்துவிடுவார்களாம். 1906-ல் இங்கேதான் 16 வயது ஸ்டான் லாரல் முதன்முதலாக மேடை ஏறினார், ஆமாம், லாரல்-ஹார்டி நகைச்சுவை ஜோடியின் லாரலேதான். படங்களும் காட்டினார்கள். 1938-ல் மூடியாயிற்று. கட்டடம் துணிக்கடைக்காரர்கள் கைக்குப் போய், நடுவில் பொய்க்கூரை போட்டார்கள். மேலே பால்கனி அப்படியே இருட்டில் கிடந்தது. பல பத்தாண்டு கழித்துத் தரைப்பலகையைக் கிளப்பிப் பார்த்தால் அடியில் பொத்தான்கள், சிகரெட் பெட்டிகள்!

யாரும் திட்டம் போட்டுக் காப்பாற்றவில்லை. மறந்துபோனதால் தப்பியது. இதுதான் என்னை உறுத்துகிறது.

ஏனென்றால் ஊரே கொண்டாடிய தியேட்டர் தப்பவில்லை. 1927-ல் திறந்த கிரீன்ஸ் பிளேஹவுஸில் 4,000-க்கும் மேல் இருக்கைகள், மாடியில் நடன மண்டபம் வேறு. 'நீங்கள் உள்ளே வரவேண்டும்' என்று கம்பளத்திலேயே நெய்து வைத்திருந்தார்கள். 1973-ல் அது அப்போலோ என்ற கச்சேரி அரங்கமானது, கூட்டம் குதித்தால் பால்கனியே மேலும் கீழும் ஆடும் என்று அங்கே போனவர்கள் இன்றும் சொல்கிறார்கள். 1985-ல் மூடி, 1987-ல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது 18 திரை மல்டிபிளெக்ஸ். சரி, படம் ஓடுகிறது, அந்த மட்டும் நல்லது.

1930-களில் இந்த ஒரே ஊரில் நூற்றுக்கும் மேல் தியேட்டர்கள், 'சினிமா நகரம்' என்றே பெயர். டிவி வந்த பிறகு ஒவ்வொன்றாக விழுந்தன. சில பிங்கோ என்ற எண் விளையாட்டு ஆடும் கூடங்களாயின, அதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஆட்கள் வந்து போகிற கட்டடத்தில் கூரை ஒழுகினால் யாராவது உடனே அடைப்பார்கள், பூட்டிப் போட்ட கட்டடத்தில் மழை உள்ளே இறங்குவதுகூட வெளியே தெரியாது. 1939-ல் திறந்த காஸ்மோவைப் பாருங்கள். 1974-ல் கிளாஸ்கோ ஃபிலிம் தியேட்டர் என்று பெயர் மாறியது, படம் ஓட்டுவதை விடவில்லை. இன்றும் வாசலில் வரிசை நிற்கிறது.

பனோப்டிகானிலும் இப்போது லாரல்-ஹார்டி படங்கள் போடுகிறார்கள். டிரான்கேட் பக்கம் போனால் ஒரு டிக்கெட் வாங்குங்கள், குளிருக்குக் கோட்டு போட்டுக்கொள்ள மட்டும் மறக்காதீர்கள்.