1956 சட்டம் பற்றி ஒரு திருத்தம்
பழைய ஃபிரிட்ஜுக்குள் குழந்தைகள் மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறும் ஆபத்து பற்றிய பேச்சில், 'அமெரிக்காவில் 1956-லேயே சட்டம் வந்துவிட்டது, அதற்குப் பிறகு வந்த ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளிருந்தே திறக்கும்' என்கிறீர்கள். பாதிதான் சரி. சட்டம் 1956 ஆகஸ்டில் கையெழுத்தானது. ஆனால் 1958 அக்டோபர் 30-க்குப் பிறகு தயாரானவற்றுக்குத்தான் அது பொருந்தியது. முந்தைய மாடல்களில் தாழ் விழுந்துவிட்டால் உள்ளிருந்து எவ்வளவு தள்ளினாலும் திறக்காது.

'குழந்தை கத்தினால் கேட்காதா' என்பதும் தப்புக்கணக்கு. குளிர் வெளியேறாமல் இருக்க வைத்த ரப்பர் விளிம்பும் தடித்த சுவரும் காற்றையும் சத்தத்தையும் சேர்த்தே அடைக்கின்றன. பிளக்கைப் பிடுங்கிவிட்டதால் ஒன்றும் மாறாது. ஓரங்கட்டிய பழைய ஃபிரிட்ஜ் என்றால் கதவையே கழற்றிவிடுங்கள், அப்புறம் உள்தட்டுகளை எடுக்காமல் விடுங்கள். (கயிறு கட்டி வைப்பதை நான் நம்ப மாட்டேன், பிள்ளைகள் அவிழ்த்துவிடுவார்கள்.)