பத்திரிகை வராத வீடு

போன தை மாதம் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் இருக்கும் மூன்று சொந்தக்காரர் வீட்டுக்கும் பத்திரிகை வைத்தார்கள், எங்கள் வாசலை மட்டும் தாண்டிப் போனார்கள். நான் சாதி பார்க்காமல் கல்யாணம் செய்து பதினோரு வருஷம் ஆகிறது.

"விடு, போகலைன்னா என்ன"ன்னு எல்லாரும் சொன்னார்கள். எப்படி விடுவது? 2003-இல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை செய்தார்கள்: கம்ப்யூட்டரில் பந்து எறியும் சின்ன விளையாட்டு, கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் நமக்குப் பந்தே போட மாட்டார்கள், அவ்வளவுதான். முகம் தெரியாதவர்கள் ஒதுக்கியதற்கே, உடம்பு வலிக்கும்போது மூளையில் வேலை செய்கிற ஒரு பகுதி விழித்துக்கொண்டது. என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர் சித்தப்பா.

சைக்காலஜி படிக்கும் என் அக்கா மகள்தான் நோட்டை நீட்டினாள். "கல்யாணத்தைப் பத்தி எழுதாதீங்க சித்தி, உங்களுக்கு எது முக்கியம், ஏன் முக்கியம், அதை மட்டும் பத்து நிமிஷம் எழுதுங்க." 1988-இல் கிளாட் ஸ்டீல் என்பவர் சொன்ன கருத்தாம் இது. நம்மைப் பற்றி நமக்கிருக்கும் மதிப்பு ஒரே தூணில் நிற்பதில்லை, ஒன்றில் அடி விழுந்தால் இன்னொன்றைப் பிடித்து நிற்கலாம்.

முதலில் என் படிப்பு, என் வேலை, சொந்தமாகக் கட்டிய வீடு என்று எழுதினேன். எழுத எழுதக் கோபம்தான் வந்தது, ஏனென்றால் அதெல்லாம் அவர்களுக்குக் காட்டுவதற்காக எழுதியது. கிழித்துப் போட்டேன். அப்புறம் அம்மா ஞாபகம். மாசாமாசம் வடலூர் தருமச்சாலைக்கு அரிசி கொண்டுபோவாள், எங்களையும் இழுத்துக்கொண்டு. 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு, இன்னும் அணையாமல் எரிகிறது. வந்தவர் யார், என்ன ஆளுங்க என்று அங்கே யாரும் கேட்பதில்லை, சோறு போடுவார்கள். என் வீடும் அப்படி இருக்க வேண்டும் என்று எழுதினேன். எழுதும்போதே கை நின்றுவிட்டது. எனக்குப் பத்திரிகை வராததற்குக் காரணமும் அதுதானே! நான் எதை நம்பி வாழ்கிறேனோ அதற்காகத்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறேன்.

நம் பெருமையைவிட மற்றவர்மேல் உள்ள அக்கறையை எழுதுவதுதான் ஒதுக்கப்பட்டவர்களுக்கு அதிகம் கைகொடுக்கிறது என்று 2012-இல் ஓர் ஆய்வும் வந்திருக்கிறது, அக்கா மகள் பிறகு காட்டினாள்.

இதனால் அவர்கள் செய்தது சரியாகிவிடாது. ஒதுக்கியது தப்புதான், அதை யாரும் மூடி மறைக்க வேண்டாம். வலியும் முழுசாகப் போகவில்லை.

போன வாரம் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் சித்தியைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானே பக்கத்தில் போய், "கால் வலி எப்படி இருக்கு சித்தி?" என்று கேட்டேன். பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது. நின்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.