ரெக்கார்டரைச் சரித்து வைத்தால் ஸ்டீரியோ கிடைக்காது

கையடக்க ரெக்கார்டரில் இரண்டு மைக் இருப்பதால் எப்படி வைத்தாலும் ஸ்டீரியோ (இடப்பக்கச் சத்தமும் வலப்பக்கச் சத்தமும் தனித்தனியாகக் கேட்பது) கிடைக்கும் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், அப்படி இல்லை. இரண்டு மைக்கும் பாடுபவர்களைப் பார்த்தபடி, இடம் வலமாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் சரித்து வைத்தால் ஒன்றின்மேல் ஒன்றாகிவிடும். நாகர்கோவில் பக்கம் ஒரு கோவில் கொடை விழாவில் வில்லுப்பாட்டை நானும் அப்படித்தான் பதிவு செய்தேன். ஓரத்தில் அடித்த குடமும் மறுபக்கத்து உடுக்கையும் நடுவிலேயே குவிந்து கேட்டன.

நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். ரெக்கார்டரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதன் முன்னால் ஒருவரைச் சாவிக்கொத்தைக் குலுக்கியபடி இடமிருந்து வலமாக நடக்கச் சொல்லுங்கள். சத்தம் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு நகரும். அப்புறம் ரெக்கார்டரைச் சரித்து வைத்து மறுபடி நடக்கச் சொல்லுங்கள், சத்தம் அநேகமாக நடுவிலேயே நிற்கும்.