கேட்டுக்கொண்டிருந்தவர்

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் படங்களைப் பற்றி எங்கே பேச்சு தொடங்கினாலும் ஐந்தாவது நிமிடத்தில் நடிகர் மிஃபூனே வந்துவிடுவார். அந்த உறுமல், அந்தப் பாய்ச்சல், தோளைக் குலுக்கிக்கொண்டு நடக்கும் அந்த நடை. எனக்கும் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். குரோசாவா இயக்கியவை மொத்தம் 30 படங்கள். தொஷிரோ மிஃபூனே அவற்றில் 16 படங்களில் நடித்தார். தகாஷி ஷிமுரா 21 படங்களில். 1943இல் வந்த முதல் படமான 'சன்ஷிரோ சுகதா'விலும் ஷிமுரா இருக்கிறார், 1980இன் 'ககேமுஷா'விலும் இருக்கிறார்.

பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது, முகத்தைக் காட்டினால் தெரியும். 'செவன் சாமுராய்' படத்தில் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே யோசிக்கும் தலைவர் கம்பெய். 'ரஷோமோன்' விறகுவெட்டி. 'இகிரு'வில் பனியில் ஊஞ்சலாடும் அரசு அலுவலர். முதல் 'காட்ஸில்லா' படத்தின் விஞ்ஞானி யமானே. "நாலும் ஒரே ஆளா?" என்று என்னிடம் கேட்ட நண்பர் நாலு படத்தையும் பார்த்தவர்தான்.

குணச்சித்திர நடிகர் என்று நாம் சொல்கிறோமே, ஜப்பானில் அதற்குக் கிட்டத்தட்ட வாகியாகு என்று பெயர். வாகி என்றால் ஓரம், பக்கவாட்டு. அவர்களுடைய நோ நாடக மேடையிலும் வாகி என்று ஒருவர் உண்டு. ஷிதே என்பவர்தான் அங்கே நாயகர். பேயாகவோ தெய்வமாகவோ முகமூடி அணிந்து ஆடுவார். வாகி பெரும்பாலும் ஊர் ஊராகப் போகும் துறவி. முகமூடி கிடையாது. வருவார், நீ யார், ஏன் இங்கே அலைகிறாய் என்று கேட்பார். அப்புறம் மேடை ஓரத்தில் ஒரு தூணருகே உட்கார்ந்துவிடுவார். மீதி நேரமெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதுதான் அவர் வேலை. அவர் கேட்கவில்லையென்றால் பேய் யாரிடம் போய்ச் சொல்லும்?

ஷிமுராவை நான் அப்படித்தான் பார்க்கிறேன். தமக்கு வசனம் இல்லாத நேரத்தில் அவரைப்போல் நடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

1949இல் வந்த 'ஸ்ட்ரே டாக்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியைப் பறிகொடுத்துவிட்டு டோக்கியோ வெயிலில் வெந்து திரியும் இளம் துப்பறிவாளன் மிஃபூனே. அவனுக்கு மூத்தவராக வரும் சாத்தோதான் ஷிமுரா. மிஃபூனே முதலில் சந்திக்கும்போது சாத்தோ ஒரு பெண்ணை விசாரித்துக்கொண்டிருப்பார். விசாரணை என்றா சொல்வது? குச்சி ஐஸ் சாப்பிட்டுக்கொண்டு, சிகரெட் கொடுத்து, பழைய சிநேகிதியிடம் ஊர்க்கதை கேட்பதுபோல் கேட்பார். மிரட்டலும் இல்லை, மேசையைத் தட்டுவதும் இல்லை. அவள் தானாகச் சொல்லிவிடுவாள். பிறகு மிஃபூனேவைத் தன் சின்ன வீட்டுக்குக் கூட்டிப்போய் பீர் ஊற்றிக் கொடுப்பார். பக்கத்தில் பிள்ளைகள் தாறுமாறாகத் தூங்கிக் கிடக்கும். அந்தப் பையனின் பதற்றம் நம்மைத் தொற்றிக்கொள்வதற்குக் காரணம், எதிரில் பதறாமல் ஒருவர் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான்.

இவர்களுடைய தொடக்கமே அப்படித்தான். மிஃபூனே முதன்முதலில் திரையில் வந்தது 1947இல், 'கின்ரேய் நோ ஹதே' என்ற படத்தில். குரோசாவா எழுதியது, இயக்கியவர் சென்கிச்சி தனிகுச்சி. வங்கியைக் கொள்ளையடித்துவிட்டுப் பனிமலைக்கு ஓடும் திருடர்களில் மூத்தவர் ஷிமுரா, இளையவர் மிஃபூனே. அடுத்த ஆண்டே 'ட்ரங்கன் ஏஞ்சல்'. அந்தப் போதையேறிய தேவதை ஷிமுராதான். சாக்கடைக் குட்டை ஓரத்தில் வைத்தியம் பார்க்கும் குடிகார மருத்துவர். ஆனால் படம் முடிந்ததும் எல்லார் மனதிலும் நிற்பவன் காசநோய் வந்த ரௌடியாக நடித்த மிஃபூனே. தலைப்பு ஒருவருக்கு, பேர் இன்னொருவருக்கு.

சரி, இவர் எங்கிருந்து வந்தார்?

பிறந்தது 1905இல், ஹியோகோ மாகாணத்தில் இகுனோ என்ற வெள்ளிச் சுரங்க ஊரில். சாமுராய் வம்சம், தாத்தா 1868 தோபா-ஃபுஷிமி போரில் சண்டை போட்டவர். பேரன் படித்தது ஆங்கில இலக்கியம், கன்சாய் பல்கலைக்கழகத்தில். சாப்பாட்டுக்கு ஒசாகா நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் வேலை. கூடவே நாடகப் பைத்தியம். நாடகம் நாடகம் என்று அலுவலகத்துக்கு மட்டம் போட்டுக்கொண்டே இருந்ததில் வேலை போய்விட்டது. அதன் பிறகுதான் முழுநேர நடிகர்.

இந்த இடத்தை நான் இரண்டு முறை படித்தேன். லீவு போட்டே வேலையை இழந்த நகராட்சி ஊழியர் ஒருவர், பிற்காலத்தில் உலகம் முழுக்க அறியப்பட்டது எந்த வேடத்தில் தெரியுமா? ஏறக்குறைய 30 வருடம் ஒருநாள்கூட லீவு போடாத நகராட்சி ஊழியராக. 'இகிரு'வின் வதனாபே.

அந்த முரண் அத்தோடு நிற்கவில்லை. போருக்கு முந்தைய இடதுசாரி நாடகக் குழுத் தொடர்புகளுக்காக தொக்கோ எனப்படும் சிந்தனைக் காவல்துறை அவரைப் பிடித்துக்கொண்டு போய் மூன்று வாரம்போல் வைத்திருந்தது. மனைவியும் சக நடிகர் ரியூனோசுகே த்சுகிகதாவும் பொறுப்பேற்ற பிறகே விட்டார்கள். போர் முடிந்து 1946இல் குரோசாவா எடுத்த 'நோ ரிக்ரெட்ஸ் ஃபார் அவர் யூத்' படத்தில் ஷிமுராவுக்கு என்ன வேடம்? அதே தொக்கோ அதிகாரி. எதிரில் உட்கார்ந்து பார்த்த முகத்தை வீட்டுக்கு எடுத்துவந்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

'இகிரு'வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். 1952இல் வந்தது. ஷிமுராவுக்கு அப்போது 47 வயது. வயிற்றுப் புற்றுநோய், சில மாதங்கள்தான் என்று தெரிந்துகொள்ளும் ஒரு பிரிவுத் தலைவரின் கதை. நான் இதை முதலில் பார்த்தது அப்பாவோடு. அப்பா அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஜப்பானியப் படமெல்லாம் பழக்கமில்லை. பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். தொடக்கத்தில் ஒரு காட்சி வரும். வதனாபே இழுப்பறையைத் திறந்து ஒரு பழைய காகிதக் கட்டை எடுப்பார். வேலையைச் சீராக்க அவரே இளவயதில் எழுதிய யோசனைத் திட்டம் அது. முதல் பக்கத்தைக் கிழித்து, முத்திரையில் ஒட்டிய மையைத் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த ஃபைலில் முத்திரை குத்துவார். முகத்தில் ஒன்றும் இருக்காது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதைக் கிழிச்சாரு, பார்த்தியா?" என்றார். கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

அந்த ஒரு கிழிசலில் வருத்தத்தைக் காட்டவேண்டும் என்று ஷிமுரா நினைத்திருந்தால் போச்சு. அவர் வெறுமனே மை துடைக்கிறார்.

பிறகுதான் கண்கள். படத்தின் நடுப்பகுதியில் அவர் பேசுவதே குறைவு. பேசினாலும் தொண்டைக்குள்ளேயே பாதி நின்றுவிடும். கேட்கவேண்டிய மனிதர் கடைசியில் சொல்ல வாயெடுக்கிறார், சொல்லத்தான் தெரியவில்லை. உணவு விடுதியில், முன்பு தன் அலுவலகத்தில் வேலை பார்த்த ஓர் இளம்பெண்ணிடம் கெஞ்சிவிட்டு, ஏதோ பிடிபட்டவராகப் பொம்மை முயலைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவார். எதிரே யாரோ ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் பாடுவார்கள். பாட்டு அவருக்கில்லை, அவருக்கென்றே பாடுவதுபோலவும் இருக்கும். இன்னொரு விஷயம். படம் மூன்றில் இரண்டு பங்கு ஓடியதும் வதனாபே செத்துப்போகிறார். மீதிப் படம் துக்க வீடு. சக ஊழியர்கள் குடித்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுகிறார்கள், அவர் படமாகச் சுவரோரம் இருக்கிறார். தனக்குக் கிடைத்த ஆகப்பெரிய நாயக வேடத்திலும் இவர் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்கிறார்!

ஊஞ்சலில் அவர் பாடும் பாட்டு 1915இல் வந்த பழைய பாட்டு. ஷிமுராவுக்குக் குரல் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1939இல் மசஹிரோ மகினோ எடுத்த 'ஒஷிதோரி உதகஸ்ஸென்' ஒரு குதூகலமான சங்கீதப் படம். பழம்பொருள் பைத்தியம் பிடித்த ஏழைக் குடைக்காரராக, கதாநாயகியின் அப்பாவாக வந்து கணீரென்று பாடுவார். முதலில் அதைப் பார்த்துவிட்டு அப்புறம் 'இகிரு' ஊஞ்சலைப் பாருங்கள். அந்த நல்ல குரலை எவ்வளவு தூரம் கீழே இறக்கிக் கொண்டுபோயிருக்கிறார் என்பது அப்போதுதான் புரிகிறது. குடைக்காரராக நடித்தபோது வயது 34, அப்போதே அப்பா வேடம்.

1954 அவருடைய ஆண்டு. ஏப்ரலில் 'செவன் சாமுராய்', நவம்பரில் 'காட்ஸில்லா'. இரண்டும் தோஹோ நிறுவனத்தின் படங்கள். கம்பெய் பற்றி எழுதாதவர் இல்லை, நான் சுருக்கிக்கொள்கிறேன். குழந்தையைக் காப்பாற்றத் துறவி வேடம் போடவேண்டும் என்று ஆற்றங்கரையில் குடுமியை மழித்துக்கொள்ளும் அந்த அறிமுகம் போதும். ஒரு சாமுராய் குடுமியை இழப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது சுற்றி நிற்பவர்களின் முகத்தில்தான் தெரியும், அவர் முகத்தில் தெரியாது.

'காட்ஸில்லா' பக்கம்தான் ஆட்கள் அவரைக் கவனிப்பதில்லை. ரப்பர் உடுப்புக்குள் ஆளை விட்டு எடுத்த படம் இன்றைக்கும் சிரிப்பை வரவழைக்காமல் இருப்பதற்கு இஷிரோ ஹோண்டாவின் இயக்கமும் இஃபுகுபேயின் இசையும் காரணம் என்பார்கள். உண்மைதான். என்னைக் கேட்டால், அந்தப் பிராணியை நிமிர்ந்து பார்க்கும் ஷிமுராவின் முகமும் ஒரு காரணம். அது இருப்பதாக அவர் நம்புகிறார், நாமும் நம்புகிறோம். ஜுராசிக் காலம் 20 லட்சம் வருடங்களுக்கு முன்பு என்று படத்தில் அவர் விளக்குவார். 14 கோடி வருடங்களுக்கும் முந்தையது என்று பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லும். இவர் சொல்லும்போது மட்டும் தலையாட்டிவிடுகிறோம். அதைக் கொல்லாதீர்கள், ஆராயவேண்டும் என்று சொல்லிப் பார்த்து யாரும் கேட்காமல், இருட்டறையில் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்வார். அரக்கனுக்கும் ஒருவர் காது கொடுக்கவேண்டும் இல்லையா.

எனக்குக் குரோசாவா மீது ஒரு மனத்தாங்கல் உண்டு. 1955இல் 'ஐ லிவ் இன் ஃபியர்'. அணுகுண்டு பயத்தில் குடும்பத்தோடு பிரேசிலுக்கு ஓடிவிடத் துடிக்கும் வயதான வார்ப்பாலை முதலாளியின் கதை. அந்தக் கிழவர் வேடத்தை 35 வயது மிஃபூனேவுக்குக் கொடுத்தார், தலைக்கு வெள்ளையடித்து, கண்ணாடி மாட்டி. ஐம்பது வயது ஷிமுரா அதே படத்தில் இருக்கிறார், குடும்ப நீதிமன்றத்தில் சமரசம் பேசவரும் பல் மருத்துவராக! ரொம்ப நாள் இது எனக்கு அநியாயமாகவே பட்டது. போன மாதம் மறுபடி பார்த்தபோது கொஞ்சம் ஆட்டம் கண்டேன். பைத்தியம் என்று எல்லாரும் ஒதுக்கும் ஒருவர் பேச்சைக் கேட்டு, அது பைத்தியந்தானா என்று தூக்கம் கெடுபவர் அந்தப் பல் மருத்துவர் ஒருவர்தான். படம் உள்ளே இறங்குவது அவர் வழியாகத்தான். அந்த இடத்தில் வேறொருவரை உட்கார வைத்திருந்தால்? தெரியவில்லை. பாதிக் கோபம் இன்னும் இருக்கிறது.

அதற்கப்புறம் வேடங்கள் சிறுத்துக்கொண்டே போயின. 'யோஜிம்போ'வில் சாராய ஆலைக்காரராகச் சில நிமிடங்கள். 'ஹை அண்ட் லோ'வில் காவல் அதிகாரிகள் கூட்டத்தில் ஒருவர். 'செவன் சாமுராய்' தலைவனாக நின்றவர், எந்த முகச்சுளிப்பும் தெரியாமல் பின்வரிசை நாற்காலியில் வந்து உட்கார்கிறார். இதைச் சரிவு என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஓரத்திலிருந்து நடுவுக்குக் கூப்பிட்டார்கள், போனார். வேலை முடிந்தது, தன் இடத்துக்கே திரும்பினார்.

குரோசாவாவுக்கு வெளியே அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது யோஜி யமதா இயக்கிய தோரா-சான் படங்கள், தோரா என்ற ஊர்சுற்றியைப் பற்றிய வரிசை. 1969இல் வந்த முதல் படத்தில் தோராவின் தங்கையைக் கட்டும் பையனுடைய அப்பா. மகனோடு வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத பேராசிரியர். கல்யாண வரவேற்பில் பேச எழுந்து நிற்பார், பேச்சு வராது. அந்த மௌனம் நீண்டுகொண்டே போகும். 1971இல் வந்த எட்டாவது படத்தில் அதே மனிதர், ஊர் சுற்றும் வாழ்க்கைதான் சுகம் என்று பீற்றிக்கொள்ளும் தோராவுக்கு ஒரு சின்னச் சம்பவம் சொல்வார். எப்போதோ ஒரு சாயங்காலம் தனியாக நடந்து போனபோது பார்த்த பண்ணைவீடு. முற்றத்தில் ரிந்தோ பூக்கள், உள்ளே விளக்கு வெளிச்சம், குடும்பத்தோடு சாப்பிடும் சத்தம். அவ்வளவுதான் கதை. தோரா அதைக் கேட்டு உருகி, ஊருக்குப் போய்த் தன் அனுபவம்போல் எல்லாரிடமும் அளப்பான். வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த முகம் ஒருமுறை வாய்திறந்து சொன்னதை அவன் அப்படியே திருடிக்கொண்டு போகிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

'ககேமுஷா'வுக்கு வருகிறேன். ஷிமுராவுக்கு 75 வயது. அவருக்காகவே குரோசாவா ஒரு சின்ன வேடம் எழுதினார், தகுச்சி கியோபு. மேற்கத்திய நாடுகளுக்குப் போன பிரதியின் நீளத்தைக் குறைத்தபோது வெட்டுப்பட்டவற்றில் அவர் பகுதியும் போயிற்று. 1982 பிப்ரவரியில் ஷிமுரா இறந்தார். அந்தப் படத்தில் அவர் இருந்ததே வெளியே பலருக்குத் தெரியாது.

எனக்கும் தெரியாது. நான் முதலில் பார்த்தது அந்த வெட்டிய பிரதிதான். இந்தப் பதிவை எழுதலாம் என்று சில வருடங்களுக்கு முன்பே உட்கார்ந்து, பார்த்த படங்களை நோட்டில் எழுதி எண்ணியபோது ஷிமுரா கணக்கில் 20தான் வந்தது. எங்கே ஒன்றை விட்டேன் என்று ராத்திரி முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன்.