கவரின் பின்பக்கத்தையும் பாருங்கள்

பழைய கடிதக் கவர் சேகரிப்பவர்களில் நேற்று மட்டும் மூன்று பேர் ஊட்டி தலைமை அஞ்சலகத்தின் படத்தை இணையத்தில் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஆளுக்கொரு பழைய கவர், ‘இந்தக் கடிதம் புறப்பட்ட இடம்’ என்று ஒரு வரி. அழகான கட்டடம்தான். 2010-இல் பாரம்பரிய அஞ்சலகக் கட்டடங்களுக்கு ஆறு தபால்தலை வந்தபோது சிம்லா, நாக்பூர், லக்னோவோடு நம்ம உதகமண்டலமும் இருந்தது. எல்லாம் சரி, ஆனால் அந்த மூன்று கவரில் ஒன்றில் குத்தியிருந்தது குன்னூர் சீல்!

சிரித்துவிட்டேன். சிரிக்க எனக்குத் தகுதியில்லை என்பது வேறு விஷயம்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் 1961-ஆம் வருடக் கவர் ஒன்று கிடைத்தது. கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு வந்தது. பின்னால், கடிதம் வந்து சேர்ந்ததும் குத்திய அந்த ஊர் சீல், பாதி மை பரவிப்போய். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், சிவப்புப் பெட்டி தொங்கிய கட்டடத்தை எட்டுக் கோணத்தில் படமெடுத்தேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இது கட்டும்போது நான் பாதி சர்வீஸ் முடிச்சுட்டேன்.”

அப்புறம் அவரே கூட்டிப்போனார். தகரக்கூரை வீடு, இப்போது பூண்டு மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். கதவின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் வேறு நிறப் பலகை அடித்திருந்தது. கடிதம் போடும் ஓட்டையாம் அது. அந்த வீட்டு வாத்தியார்தான் அப்போது போஸ்ட் மாஸ்டர். அவருக்குப் பிறகு மளிகைக்கடைக்காரர், ஆபீஸும் மளிகைக்கடைக்குப் போய்விட்டது.

காரணம் எளிது. இப்படிச் சின்ன ஊர்களில் கிளை அஞ்சலகம் நடத்துபவர்தான் இடமும் பார்த்துத் தர வேண்டும் என்பது துறையின் ஏற்பாடு. ஆள் மாறினால் ஆபீஸே வீடு மாறும். சீலில் ஊர் பெயர் இருக்கும், எந்தத் திண்ணை என்று இருக்காது. நாம் கல் கட்டடங்களையே பாரம்பரியம் என்று கொண்டாடுகிறோம். மலையில் பெரும்பாலான கடிதம் போய்ச் சேர்ந்தது இந்தத் திண்ணைகளுக்குத்தான் என்பது என் எண்ணம். கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதி வைக்காவிட்டால் போச்சு.

தேடுபவர்கள் முதலில் வருடத்தைப் பாருங்கள். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிந்தையது. குன்னூரை அடுத்த வெலிங்டனுக்கு முந்தைய பெயர் ஜக்கதலா, பக்கத்து ஜெகதளா கிராமத்தின் பெயர்தான் அது. அந்தப் பெயருள்ள கவர் கிடைத்தால் வேறு ஏதோ ஊர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1908-க்கு முந்தைய ஊட்டிக் கவருக்குப் பக்கத்தில் மலை ரயில் படம் வேண்டாம். ரயில் குன்னூருக்கு 1899-இல் வந்தது, ஊட்டிக்கு 1908-இல்தான்.

இன்னொன்று, கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். தபால்தலையை உரிக்கக் கவரைத் தண்ணீரில் ஊறப்போடுகிறவர்களே, பின்பக்கத்துச் சீலோடு சேர்த்துத்தான் குப்பைக்குப் போகிறது அந்த ஊர்.

பூண்டு வீட்டுக்காரர் மழைக்கு முன்னால் கதவை மாற்றப் போகிறாராம். பழைய கதவை எனக்குத் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள்.