உப்புக்காற்றும் ஒரு ரூபாய் ரெசிஸ்டரும்
கடலூர் முதுநகரில் சர்க்யூட் நோண்டுபவன் பாட்டை யாரிடம் சொல்வது? 555 என்ற டைமர் ஐசியை (நேரம் கணக்கிடும் சிப்) வைத்து ஒரு எல்இடியை மினுக்க வைக்கும் வேலை. 1972-லிருந்து உலகமே செய்வது. எனக்கு மட்டும் எரியவில்லை. ஐசியை மாற்றினேன், வயரை மாற்றினேன், சாப்பிட வராததற்கு அம்மாவிடம் திட்டும் வாங்கினேன். கடைசியில் பார்த்தால், பற்றவைக்காமல் பாகங்களைச் செருகும் பிரெட்போர்டில்தான் கோளாறு! உப்புக்காற்றில் உள்ளே கிளிப்பெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. செம்புப் பலகையும் பச்சை பூத்துவிட்டது. சரி, பற்றவைத்தே விடலாம் என்று சால்டரிங் அயர்னைச் சூடாக்கினால் கரெண்ட் போய்விட்டது. அந்த இருட்டில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் எங்கேயோ உருண்டு போனது. கடையில் கேட்டால், "ஃபேன் ரெகுலேட்டரா தம்பி?" என்கிறார். ஒரு ரூபாய்ப் பொருளுக்குச் சென்னை ரிச்சி தெருவுக்கு பஸ் ஏற வேண்டுமாம். ஏறத்தான் போகிறேன், அது வேறு விஷயம்.