கைக்கே வராத காசுக்கும் கழிவா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்கக் கடிதங்கள். எல்லாம் ஒருவருடையவை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிடங்கு வேலையில் சரக்கு சரிந்து முதுகு போனவர் அவர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வொர்க்கர்ஸ் காம்ப், அதாவது வேலையில் அடிபட்டவர்களுக்கான இழப்பீட்டுப் பணம், வாராவாரம் வருகிறது. இப்போது அரசின் சமூகப் பாதுகாப்புத் துறையான சோஷியல் செக்யூரிட்டியின் ஊனமுற்றோர் தொகையும் கிடைத்துவிட்டது. "1,600 டாலர்னு போட்டுட்டு 567 அனுப்பியிருக்கான் தம்பி, எங்க போச்சு மிச்சம்?" என்றார்.

ஆஃப்செட் என்கிற கழிவுதான். 1965-இல் வந்த சட்டம். இரண்டு தொகையும் சேர்ந்து, விபத்துக்கு முன் வாங்கிய சராசரிச் சம்பளத்தில் 80 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டியதைப் பொதுவாக சோஷியல் செக்யூரிட்டி பிடித்துக்கொள்ளும். 1971-இல் ரிச்சர்ட்சன் எதிர் பெல்ச்சர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இது செல்லும் என்றுவிட்டது. வீட்டிலிருந்தே கூடுதலாக வாங்கினால் எவன் வேலைக்குத் திரும்புவான் என்பது வாதம். நிமிர்ந்து உட்காரவே முடியாத மனிதரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்! சரி, அது தனிச் சண்டை.

என் வயிற்றெரிச்சல் வேறு. அண்ணனுக்கு மாதச் சராசரி 4,500 டாலர். அதில் 80 சதவீதம் 3,600. காம்ப் வாரம் 700, மாதக் கணக்கில் சுமார் 3,033. இதோடு 1,600 சேர்ந்தால் 4,633. மீறிய 1,033-ஐக் கழித்தால் 567. கணக்கு சரி.

ஆனால் அந்த 700 முழுசாக அண்ணன் கைக்கு வருவதே இல்லை. பென்சில்வேனியாவில் நீதிபதி ஒப்புதலோடு 20 சதவீதம், அதாவது வாரம் 140, நேராக காம்ப் வழக்கை நடத்திய வக்கீலுக்குப் போகிறது. இவருக்கு வரும் காசோலை 560-க்குத்தான். வழக்குக்காகக் கொடுத்த வக்கீல் கட்டணத்தைக் கழிவுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சோஷியல் செக்யூரிட்டியின் விதியே சொல்கிறது. 560-ஐ வைத்துப் போட்டால் மாதம் 1,173 வந்திருக்க வேண்டும். 606 டாலர், மாதாமாதம், சும்மா போகிறது.

ஏன்? கட்டணத்துக்கான ஆதாரம் கோப்பில் இல்லை. அவ்வளவுதான். கேட்காவிட்டால் யாரும் தேடி எடுக்கப் போவதில்லை.

வக்கீலைத் திட்டிக் காலம் தள்ள நான் வரவில்லை. ஜெயித்தால்தான் காசு என்று ஒருவர் வழக்கை எடுக்காவிட்டால் அண்ணனுக்கு அந்த 560-உம் இல்லை. ஆனால் பங்கை ஒழுங்காக எடுத்துக்கொள்பவர், "நான் இவ்வளவு வாங்குகிறேன்" என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுக்கக் கூடாதா? அந்தக் கடிதத்தால் அவருக்கு ஒரு டாலர் வரவில்லை என்பதுதான் காரணமோ என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் வக்கீல் நண்பர்கள் கமென்டில் திட்டலாம்.

மொத்தமாக ஒரு தொகை வாங்கி வழக்கை முடிப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அந்தத் தொகையையும் வாராவாரம் வந்ததுபோல் பிரித்துத்தான் கணக்குப் போடுவார்கள். கட்டணம் எவ்வளவு, மீதியை இன்னும் எத்தனை வருட ஆயுளுக்குப் பிரிப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அண்ணனுக்கு மறுபரிசீலனை கேட்க 60 நாள் கெடு. நீதிபதி உத்தரவு, கட்டண ஒப்பந்தம், காசோலைத் துண்டுகள் எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்திருக்கிறோம். புதன்கிழமை சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்கு நேரில் போகிறார். பெற்றுக்கொண்டோம் என்று முத்திரை குத்தி வாங்காமல் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.